பூங்காவுக்குப் பக்கத்து வீடு: அப்பர் குன்னூருக்குக் குடிவருபவர்கள் கேட்பவை

எங்கள் வீட்டு மாடிப் போர்ஷன் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை காலியாகும். பார்க்க வருபவர்கள் வாடகையைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார்கள், காட்டெருமையைப் பற்றி ஐந்து கேட்பார்கள். நான் ஈரோட்டிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து 24 வருடம் ஆகிறது. வந்த புதிதில் நானும் இதையெல்லாம் அக்கம்பக்கத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு தடவையும் படிக்கட்டில் நின்றுகொண்டு சொல்வதற்குப் பதிலாக எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சிம்ஸ் பூங்காவைச் சுற்றியுள்ள தெருக்களை மனதில் வைத்து எழுதியது இது. ஊட்டிக்கோ கோத்தகிரிக்கோ எல்லாம் அப்படியே பொருந்தாது.

அப்பர் குன்னூர் என்று எதைச் சொல்கிறீர்கள்?

குன்னூர் இரண்டு தட்டு. பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம், மார்க்கெட், தந்தி மாரியம்மன் கோயில் எல்லாம் கீழ்த்தட்டில். அங்கிருந்து ஏறினால் பெட்ஃபோர்ட், அதையும் தாண்டினால் சிம்ஸ் பூங்கா. பூங்காவுக்கு எதிரில் பாஸ்டியர் நிறுவனத்தின் பழைய கட்டடம். இந்த மேல்தட்டுதான் அப்பர் குன்னூர். பழைய பங்களாக்கள், அவற்றின் தோட்டத்தைப் பிரித்துக் கட்டிய சின்ன வீடுகள், சரிவில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் லைன் வீடுகள் என்று எல்லாம் கலந்திருக்கும்.

ஒரு வார்த்தையை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். இங்கே ‘கீழே போயிருக்கிறார்’ என்றால் மார்க்கெட்டுக்குப் போயிருக்கலாம், கோயம்புத்தூருக்கும் போயிருக்கலாம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனாரா என்று கேட்டால் விடை கிடைத்துவிடும்.

பூங்கா பக்கத்திலேயே இருக்கிறதே, தினமும் போவீர்களா?

போவோம், ஆனால் நேரம் பார்த்துத்தான். சிம்ஸ் பூங்கா 1874-ல் உருவானது. ஜே.டி. சிம், மேஜர் முர்ரே என்ற இரண்டு பேரின் முயற்சி அது. மற்ற பூங்காக்களைப் போல் சமதளத்தில் இல்லை, ஒரு பள்ளத்தாக்கையே பூங்காவாக மாற்றியிருக்கிறார்கள். சுமார் 12 ஹெக்டேர். கேட் மேலே இருக்கிறது, படகு விடும் குளம் அடியில். அதனால் உள்ளே போகும்போது சுகமாக இறங்கிவிடுவீர்கள். திரும்பி வரும்போதுதான் உங்கள் முழங்கால் உங்களோடு பேசும். மெக்னோலியா, கமேலியா, பெரணி மரம், அரௌகேரியா என்று எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து வைத்த மரங்கள். ருத்ராட்ச மரம்கூட உண்டு. வெளியூர் உறவினர்கள் வந்தால் அதன் அடியில் குனிந்துகொண்டே நடப்பார்கள், கொட்டை கிடைக்குமா என்று.

எங்கள் தெருப் பெண்கள் நாலைந்து பேர் காலையில் பூங்காவை ஒட்டிய ரோட்டில் நடப்போம். அந்த நேரத்தில் மைனாவும் மலையணிலும் போடும் சத்தம்தான் கேட்கும். பத்து மணிக்கு வேன்கள் வந்து நிற்க ஆரம்பித்ததும் அது வேறு பூங்கா. மதியம் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் அடங்கும். மழைக்காலத்துச் சாதாரண நாளில், செவ்வாய் புதன் போல, குளத்தடியில் நீங்களும் ஒரு தோட்டக்காரரும் மட்டும் இருப்பீர்கள். நான் என் பையனுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்க இடம் தேடி அலைந்தது வேறு கதை. சமதளம் என்பது இங்கே விலை உயர்ந்த பொருள்.

சீசனில் என்ன நிலைமை?

ஏப்ரல், மே இரண்டு மாதமும் நாங்கள் எங்கள் ஊரிலேயே விருந்தாளிகள் மாதிரி ஒதுங்கி நடப்போம். மே மாதம் ஊட்டியில் மலர்க் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, இங்கே சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி. ஆரஞ்சு, மாதுளை, திராட்சை எல்லாவற்றையும் அடுக்கி யானை, மயில் என்று செய்து வைப்பார்கள். அந்த நாட்களில் வீட்டுக்கு எரிவாயு சிலிண்டர் வந்தால் அது பெரிய செய்தி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழியாக விடுவது வழக்கம். அதனால் அவசரமாகக் கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தால் கோத்தகிரி சுற்றித்தான் போக வேண்டியிருக்கும்.

உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. 2025 சீசனில் ஒரு நாளைக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். டி.என். 43 என்று தொடங்கும் உள்ளூர் வண்டிக்கு இந்தக் கவலை இல்லை. நீங்கள் கோவை எண்ணோடு வந்து குடியேறினால் வண்டிப் பதிவை மாற்றுவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர் தாங்குமா?

குளிர் தாங்கும். ஈரம்தான் தாங்காது.

டிசம்பர், ஜனவரியில் இரவு 10 டிகிரிக்குக் கீழே போகும் நாட்கள் உண்டு. ஊட்டியின் பள்ளங்களில் உறைபனி விழுந்து புல்லெல்லாம் வெள்ளையாகிவிடும். நாங்கள் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், கிழக்குச் சரிவில் இருப்பதால் அந்த அளவுக்குப் போகாது. பகலில் நல்ல வெயில் அடிக்கும். முதுகைக் காட்டி உட்கார்ந்து பூண்டு உரிக்கலாம்.

படுத்துவது அக்டோபர், நவம்பர். ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவம் கொட்டும். எங்களுக்கு வடகிழக்குதான் பெரிய மழை. மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து மேகம் ஏறிவந்து ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே நுழையும். பார்க்க அழகு. பத்து நாள் நுழைந்தால் தோல் செருப்பில் பூஞ்சணம், பீரோவில் ஓத மணம், துவைத்த துணி நாலாம் நாளும் ஈரம். பட்டுப்புடவையை அடுக்கி வைத்துவிட்டு மறந்துபோன புது மருமகளாக நான் பட்ட பாட்டைச் சொன்னால் இன்றைக்கும் என் மாமியார் சிரிப்பார். வெயில் வரும் நாளில் அலமாரியைத் திறந்து போடுவதும், மெத்தையைத் தூக்கி வெளியே வைப்பதும் இங்கே விருந்தாளி வருவதைவிட முக்கியமான வேலை. ‘இன்னைக்கு வெயில் அடிக்குது, நான் வரலை’ என்று சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சமையலில் ஏதாவது மாற்றம் உண்டா?

நிறைய. உயரம் 300 மீட்டர் கூடினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். இங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், ஆனால் துவரம்பருப்பு வேகாது. முதல் மாதம் திறந்த பாத்திரத்தில் பருப்பு வைத்துவிட்டு, கடைக்காரர் பழைய பருப்பைக் கொடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போகத் தயாராக இருந்தேன். பக்கத்து வீட்டு அக்காதான் பிடித்து நிறுத்தி, ‘குக்கர்ல வைம்மா’ என்றார்.

அப்புறம் தயிர். ஈரோட்டில் ராத்திரி உறை ஊற்றினால் காலையில் தயிர். இங்கே காலையிலும் பால்தான். பாலைக் கொஞ்சம் கூடுதல் சூட்டில் உறை ஊற்றி, ஹாட்பாக்ஸில் வைத்து, மேலே ஒரு பழைய சால்வையைச் சுற்றி அடுப்பு மேடையில் வையுங்கள். இட்லி மாவுக்கும் அதே மரியாதை. குளிர்காலத்தில் மாவு பொங்க ஒரு முழு நாள்கூட ஆகும். உளுந்து கொஞ்சம் கூட, வெந்தயம் ஒரு ஸ்பூன், அரைத்த மாவைக் கையால் நன்றாகக் கரைத்து, பல்பு எரியும் அலமாரிக்குள் வைப்பது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ரகசியம் இருக்கும். எல்லோரும் தாராளமாகச் சொல்வார்கள். தேங்காய் எண்ணெயை அகல வாய் டப்பாவில் வாங்குங்கள். பாட்டிலில் வாங்கினால் பாதி வருடம் அது கல்.

ரூமில் கரி அடுப்பு வைத்துக் குளிர் காயலாமா?

மூடிய அறையில் கூடவே கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கணப்பு இருக்கிற பழைய வீடு என்றால் புகைபோக்கி அடைத்திருக்கிறதா என்று முதலில் ஆள் வைத்துப் பாருங்கள். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தாலும் காற்றுப் போக வழி இருக்க வேண்டும். மாடிக்கு வரும் குடித்தனக்காரர்களிடம் நான் கறாராகப் பேசும் ஒரே விஷயம் இது.

காட்டெருமை நிஜமாகவே தெருவுக்குள் வருமா?

வரும். கடைசியாகப் போன வாரம் எங்கள் கேட்டுக்கு வெளியே மூன்று நின்றன. காளை ஒன்று ஒரு டன் எடை வரை இருக்கும் மிருகம், நம் வீட்டுச் செம்பருத்தியை அவ்வளவு மென்மையாகக் கிள்ளிச் சாப்பிடும்.

ஏன் வருகிறது என்று கேட்டால், நாம்தான் அதன் இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. அது உண்மைதான், ஆனால் முழுக்கதை இல்லை. மேலே இருந்த புல்வெளிகளில் சீகை மரமும் (வாட்டில்) தைல மரமும் நட்டார்கள். காட்டுக்குள் உண்ணிச்செடி பரவிவிட்டது. மேய்ச்சலுக்குப் புல் குறைந்தது. தேயிலைத் தோட்டத்தில் வரிசைக்கு நடுவே புல் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, புலியும் அதிகம் இல்லை. அதுவும் கணக்குப் பார்த்துத்தானே வாழும்.

எங்கள் வீட்டுப் பழக்கங்களைச் சொல்கிறேன். விடியும் முன்பும், இருட்டிய பிறகும் தனியாகத் தெருவில் நடப்பதில்லை. நடக்க வேண்டியிருந்தால் திருப்பத்துக்கு முன்பே டார்ச் அடித்து, பேசிக்கொண்டே போவோம். நின்றுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டால் கத்துவதில்லை, கல் எறிவதில்லை, அதன் முகத்தில் விளக்கு அடிப்பதில்லை. பின்னால் நகர்ந்து, அது போக வழி விட்டு நிற்போம். கூட்டமாக வருவதைவிடத் தனியாகத் திரியும் காளையிடம்தான் கூடுதல் எச்சரிக்கை தேவை. குட்டியோடு இருக்கும் பசுவும் அப்படியே. செல்ஃபி எடுக்கப் போனவர்கள் அடிபட்ட கதைகளைத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். ‘காட்டுமாடு நின்னுச்சு மிஸ்’ என்பது இங்கே தாமதத்துக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட காரணம். என் பையன் அதை நிஜமாக நின்ற நாளைவிட நிற்காத நாட்களில்தான் அதிகம் சொல்லியிருக்கிறான்.

கரடியின் குணம் வேறு. அதற்கு எண்ணெய், சர்க்கரை, பழம் வேண்டும். கோயில் விளக்கெண்ணெயைக் குடிக்கவும், பேக்கரிக் கதவை உடைக்கவும் வரும். ராத்திரி குப்பை வாளியையோ எண்ணெய்ப் பாத்திரத்தையோ வெளியே வைக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. குரங்குக்கு மட்டும் எந்த விதியும் கிடையாது. ஜன்னலுக்குக் கம்பி வலை அடியுங்கள்.

நாய் வளர்க்கலாமா?

வளர்க்கலாம். ராத்திரி வீட்டுக்குள் படுக்க வைக்க வேண்டும். வெளியே கட்டிப்போட்ட நாய் சிறுத்தைக்கு வைத்த சாப்பாடு. எங்கள் வரிசையிலேயே இரண்டு வீட்டில் சங்கிலி மட்டும் மிச்சம் இருந்தது.

நாய் என்றதும் எதிரில் இருக்கும் பாஸ்டியர் நிறுவனத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1902-ல் வெறிநாய் கடித்த ஓர் ஆங்கிலேயப் பெண் சரியான சிகிச்சை கிடைக்காமல் இறந்துபோனார். அதற்குப் பிறகு வெறிநாய்க்கடி சிகிச்சைக்குத் தென்னிந்தியாவுக்கென்று ஒரு நிறுவனம் வேண்டும் என்ற பேச்சு வலுத்து, அமெரிக்கரான ஹென்றி ஃபிப்ஸின் நன்கொடையும் சேர்ந்து, 1907-ல் இது திறக்கப்பட்டது. தினமும் அதன் வாசலைத் தாண்டிப் பால் வாங்கப் போகிறவர்களில் பலருக்கு இந்தக் கதை தெரியாது. நாய் கடித்தாலோ பிராண்டினாலோ 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, உடனே லாலி அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தண்ணீர் எப்படி?

இவ்வளவு மழை பெய்யும் ஊரில் தண்ணீருக்கு நாள் கணக்கு வைத்திருப்பதைப் புதிதாக வருபவர்கள் நம்ப மாட்டார்கள். சரிவில் விழும் மழை நிற்காமல் ஓடிவிடுகிறது. குன்னூருக்கு ரேலியா அணை முக்கியம், எமரால்ட் அணையிலிருந்தும் தண்ணீர் வருகிறது. குழாயில் தினமும் வராது. கோடையில் இடைவெளி இன்னும் கூடும். போர் போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள், நீலகிரியில் நினைத்தபடி போர் போட முடியாது. வீடு பார்க்கும்போது எத்தனை அறை என்பதற்கு முன் தொட்டி எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் வீடு கிடைத்தால் ஆயிரம் ரூபாய் கூடுதலாக வாடகை கொடுத்தும் போகலாம்.

மண்சரிவு பயம் இருக்கிறதா?

இருக்கிறது, மறைக்க மாட்டேன். 2009 நவம்பர் மழையில் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நாட்களில் நாங்கள் கூடத்தில் எல்லோரும் ஒன்றாகப் படுத்தோம். சரிவில் வீடு பார்க்கும்போது பின்பக்கம் போய்த் தடுப்புச்சுவரைப் பாருங்கள். சுவரில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்க வேண்டும், மழையில் அவற்றிலிருந்து தண்ணீர் வர வேண்டும். துளை அடைபட்டுச் சுவர் வயிறு தள்ளியிருந்தால் வேண்டாம். மரங்கள் சாய்ந்து நின்றாலும், தரையில் புதிதாக விரிசல் தெரிந்தாலும் வேண்டாம். ஓடைக்கு மிக அருகில் மண் நிரப்பிக் கட்டிய வீடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பெரிய மழையில் மலை ரயிலும் நின்றுவிடும், பாறையும் மரமும் தண்டவாளத்தில் விழுந்துவிடும்.

தோட்டத்து மரத்தை வெட்டலாமா?

சொந்த இடத்து மரமானாலும் அனுமதி வேண்டும். மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. கிளை வீட்டின் மேல் சாய்ந்திருந்தால் மழைக்காலம் வரும்வரை காத்திருக்காமல் முன்பே மனு கொடுங்கள்.

காய்கறி, கடை, குப்பை?

காய்கறிக்கு உழவர் சந்தை, மற்றதுக்கு மார்க்கெட். கேரட், பீன்ஸ், நூல்கோல், டர்னிப் எல்லாம் மண்வாசனையோடு கிடைக்கும். மே, ஜூனில் பிளம்ஸ். அடுத்து பர்லியார், கல்லாறு பக்கத்திலிருந்து மங்குஸ்தான் வரும். மாலை டீக்கு வர்க்கி. ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அதற்கு முன்பும் அது அதே வர்க்கிதான், விலை மட்டும் கொஞ்சம் கம்பீரமாகிவிட்டது.

பிளாஸ்டிக் பையும் தண்ணீர் பாட்டிலும் இந்த மாவட்டத்தில் தடை. துணிப்பை இல்லாமல் இறங்கினால் இடுப்பில் முட்டைக்கோஸை வைத்துக்கொண்டு ஏறிவர வேண்டியதுதான். குப்பையை மக்குவது, மக்காதது என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். மக்குவதைக் கையில் கொடுங்கள், வாசலில் வைத்தால் காட்டுப்பன்றி எடுத்துக்கொள்ளும்.

அக்கம்பக்கத்தார் எப்படி? நாங்கள் புதிது, ஒட்டுவோமா?

எங்கள் தெருவில் பதினொரு வீடு. படுகர் குடும்பம் மூன்று, மலையாளம் பேசுபவர்கள் இரண்டு, வெல்லிங்டனில் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர், பாட்டன் காலத்தில் இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, மற்றவர்கள் என்னைப் போலக் கீழேயிருந்து வந்தவர்கள். இங்கே எல்லோருமே ஏதோ ஒரு காலத்தில் புதிதாக வந்தவர்கள்தான் என்பதால் ‘எந்த ஊர்’ என்ற கேள்வியில் குத்தல் இருக்காது.

ஹெத்தையம்மன் பண்டிகை சமயத்தில் படுக வீட்டுக்காரர்கள் வெள்ளை உடுத்தித் தங்கள் ஹட்டிக்கு, அதாவது சொந்த ஊருக்கு, போய்விடுவார்கள். அந்த நாட்களில் அவர்கள் வீட்டுப் பூனைக்குச் சோறு வைப்பது என் பொறுப்பு. சித்திரையில் தந்தி மாரியம்மன் திருவிழா. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தரப்பாரின் உபயம், ஊரே கீழ்த்தட்டில் இருக்கும். ஒரே ஒரு விஷயம்: இங்கே ஏழரை மணிக்கு மேல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. கதவு தட்டினால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அதை ஒட்டாத குணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிர், அப்புறம் காட்டெருமை.

வயதான அப்பா அம்மாவைக் கூட்டிவரலாமா?

அவர்களுடைய முழங்காலையும் மூச்சையும் கேட்டு முடிவு செய்யுங்கள். ரோட்டிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி என்பதுதான் கணக்கு. ஆஸ்துமா இருந்தால் மழைக்காலம் கஷ்டம். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது பெரிய ஆறுதல், ஆனாலும் 19 கிலோமீட்டர் வளைவுப் பாதை. பெரிய சிகிச்சை என்றால் இன்னமும் கோயம்புத்தூர்தான்.

வீடு பார்க்க எப்போது வரலாம்?

மே மாதம் வராதீர்கள். மே மாதத்தில் இங்கே எல்லா வீடும் அழகு, எல்லா வீட்டுக்காரரும் நல்லவர். நவம்பரில், இரண்டு நாள் விடாமல் மழை பெய்த பிறகு, மதியத்துக்கு மேல் வாருங்கள். வடக்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். பின்பக்கத் தடுப்புச்சுவரைப் பாருங்கள். நாலு மணிக்கு மேகம் இறங்கும்வரை இருந்து, ரோட்டிலிருந்து வாசலுக்கு வரும் வழி கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். குடை கொண்டுவாருங்கள். டீ நான் போட்டுத் தருகிறேன்.